ஏழாம் நம்பர் மலையில் மரை

மலையகத்தில் இன்று உயிரோடிருக்கும் இயற்கைப் புகைப்படக் கலைஞர்களில் தலைசிறந்தவன் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, உண்மை, அவ்வளவுதான். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கேமரா வைத்திருப்பவன் நான் ஒருவன் மட்டுமே என்பது தற்செயல். இதுவரை எடுத்த நாலாயிரத்து இருநூறு படங்களில் பனி இருக்கிறது, பாறை இருக்கிறது, காட்டுக்கோழியின் பின்புறம் நிறைய இருக்கிறது. மனித முகம் ஒன்றுகூட இல்லை. அது என் கொள்கை.

கொள்கை இல்லாதவனுக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஜீவராஜ். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரன். இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். தன்னைத் தானே பத்துப் படம் எடுத்து, ஒன்பதை அழித்து, மிஞ்சிய ஒன்றைத் தினமும் எனக்கு அனுப்புவான். ஒருநாள் போனில் கேட்டேவிட்டேன்.

"ஒன் மூஞ்சிய யாருக்குடா இத்தனை தடவ எடுக்குற?"

"அம்மாவுக்கு. போற வழியில ஒனக்கும் ஒண்ணு. நீ யாருக்குடா அந்தக் கோழிய எடுக்குற?"

"கலைக்குடா."

"கோழியாவது ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சா?"

கலை தெரியாதவனிடம் என்ன பேசுவது? வைத்துவிட்டேன்.

அவனும் போனபிறகு லயத்தில் பன்னிரண்டு காம்பராக்களில் ஐந்துக்குப் பூட்டு. ஆறாவதில் நான் தனியாக. கலைஞனுக்கு அமைதி முக்கியம். ஒருவேளை சோறு வடித்தால் மறுநாள்வரை வருகிறது.

என் அம்மா நாகலெட்சுமி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் நாலு வருடம். அந்த வீட்டில் வீடியோவில் பேச விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை குரல் மட்டும். ஒவ்வொரு வாரமும் படம் அனுப்பச் சொல்வாள். நானும் அனுப்புவேன். பனி, பாறை, கோழி.

போன வெள்ளி அவள் விடவில்லை.

"கோழி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒன் மூஞ்சி எங்கடா?"

"நான் மனுசங்கள எடுக்குறதில்லம்மா."

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்கடா. வர்ற வெள்ளி போடணும். இல்லாட்டி ஊருக்கு வந்துரலாம். ஒன் மொகத்தப் பாத்தாத்தான் எனக்கு ஒரு முடிவு வரும். நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா."

"ஒன் வாய் எப்பவும் அதத்தான் சொல்லும்."

நான் மரையைப் பற்றிச் சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

மரை உண்மையில் இருந்தது. ஏழாம் நம்பர் மலையில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மாடு உயரத்துக்கு ஒரு மான். விடிந்ததும் வந்து மேயும். என் சட்டையும் காற்சட்டையும் கண்ணில் பட்டால் ஓடிவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பக்கத்தில் போனாலும் தலையைத் தூக்காது.

ஆகவே வியாழன் காலை, அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கட்டும் சாக்குப் படங்கை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டேன். அவளுடைய கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டினேன். மேலே அவளுடைய பழைய துண்டு. வெளிநாட்டுக் கலைஞர்கள் இதற்கென்றே கூடாரம் வாங்குகிறார்களாம். பாவம்.

தேயிலைச் செடிகளின் நிரைக்குள் குனிந்து, கையால் செடியைத் தடவிக்கொண்டே ஏறினேன். மரை ஒரு தடவை பார்த்தது. மறுபடி மேய்ந்தது. முப்பது அடி இருக்கும். மெதுவாகக் கேமராவைத் தூக்கினேன்.

"ஏய் நாகலெட்சுமி! எப்ப புள்ள வந்த?"

மேல் ரோட்டில் சிவசாமி கங்காணி. மரை ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போய்விட்டது. அவர் அந்த வயதுக்கு ஆகாத வேகத்தில் இறங்கி வந்தார், வாயெல்லாம் சிரிப்பு. நான் திரும்பினேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"நீயா தம்பி."

"நான்தாங்க."

"அந்தக் குனியல் அப்படியே ஒங்கம்மாதான். இது அவ நிக்கிற நிரை வேற, அதான்..." முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "கூடைய மாட்டிட்டு வெறுங்கையோட நிக்கிற? ரெண்டு கிலோவாவது பறிச்சிட்டுப் போ."

ஏறிப் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நாலு வருடமாக இந்த மலையில் அந்தப் பெயரை யாரும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை.

மரை இனி வராது. வெளிச்சம் நன்றாக இருந்தது. கேமராவை ஒரு பாறைமேல் வைத்து, பத்து வினாடியில் தானாக எடுக்கும்படி செய்துவிட்டு, கூடையோடு நிரைக்கு ஓடினேன். இப்படிப் பத்துத் தடவை ஓடினேன்.

ஒன்பது படங்களில் நல்லா இருப்பவனைப் போலச் சிரித்திருந்தேன். அந்த ஒன்பதையும் அழித்தேன். மிஞ்சிய ஒன்றைப் போனுக்கு மாற்றி, வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் அம்மாவுக்கு அனுப்பினேன்.