மிளகுக்கு மயக்கம் தெளியவில்லை

மிளகுக்குப் பல் பிடுங்க நாள் குறித்த பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் மிருகக்காட்சி சாலையில் இருக்கும் இந்தப் புள்ளிக் காட்டுப்பூனை, இதுவரை எல்லோரும் நினைத்ததுபோல மலைப்பூனையில் ஒரு வகை இல்லையாம். மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில் தனி இனமாம். அப்படியானால் கூண்டில் வளர்வது உலகத்திலேயே இது ஒன்றுதான். மேலாளர் அன்றைக்கே புதுப் பலகை மாட்டிவிட்டார். பல் பிடுங்க வேண்டிய டாக்டரம்மாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. மயக்க மருந்தின் அளவு இனத்துக்கு இனம் மாறும். அவர் கையில் இருந்தது மலைப்பூனைக்கான அளவு.

"பேரு மாறினா உடம்புமா மாறிடும்?" என்றார் என் மாமனார். மிளகைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் அவர். எனக்கு இந்த மருத்துவக் கூடத்தில் உதவியாளர் வேலை வாங்கித் தந்ததும் அவர், பெண்ணைத் தந்ததும் அவர். இரண்டில் எது பெரிய தப்பு என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்பார்.

சீழ் தாடைவரை இறங்கிவிட்டதால் தள்ளிப்போட வழியில்லை. பழைய அளவையே கொஞ்சம் குறைத்து ஊசி போட்டார் டாக்டரம்மா. பல் சுலபமாக வந்தது. ஈறில் தையல் போட்டு, மயக்கம் தெளிவிக்கும் ஊசியையும் போட்டோம். காது துடித்தது. மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கூண்டில் கிடத்தினோம். அதற்கப்புறம் காது அடங்கிவிட்டது.

நாக்கு உள்ளே சரிந்து மூச்சை அடைத்தது. நான் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, துணியால் நாக்கைப் பற்றி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மிருகம் உள்ளே இருந்தால் கதவு பூட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மாமா வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

தனி இனம் என்று கண்டுபிடித்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே டாக்டரம்மா போன் போட்டு, தெளிவிக்கும் ஊசி இன்னொன்று தாங்குமா என்று கேட்டார். தாங்கள் இதன் முடியையும் எச்சத்தையும் பழைய தோலையும்தான் பார்த்திருப்பதாகவும், உயிரோடு எப்படி இருக்கும் என்று தாங்களே கேட்க நினைத்திருந்ததாகவும் பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அவர் மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருந்ததை மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அதுவரை எனக்கு இருந்தது கவலைதான். அதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது.

ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஈறு வெளுத்தது. மாமா கம்பி வழியாகக் கொஞ்சினார், அதட்டினார், கடைசியில் டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"இன்னொண்ணு போட்டுடுங்கம்மா."

"போட்டு இதயம் நின்னுட்டா?"

"போடாமலே நின்னுட்டா?"

டாக்டரம்மா பாதி அளவை ஊசியில் ஏற்றி, கம்பிக்குள் கைவிட்டுத் தொடையில் போட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. பிறகு என் விரலுக்குள் நாக்கு மெல்லப் பின்னுக்கு இழுத்தது. கண் திறந்தது. அதில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. விழிக்காதா என்று தவித்தவனுக்கு, விழித்ததும் கையை எடுக்கத் தோன்றவில்லை. தாடை மூடிக்கொண்டது. கோரைப் பல் உள்ளங்கையில் இறங்கியது.

கத்தினால் பாயும். "மாமா, கதவு" என்று மட்டும் சொன்னேன். அவருக்குத் தாழ்ப்பாளில் கை ஓடவில்லை. ஒருவழியாகத் திறந்தபோது கையை உதறி விடுவித்துக்கொண்டு, பின்பக்கமாகவே வெளியே விழுந்தேன். கதவு சாத்தப்பட்டது.

"உதறினீங்களா மாப்பிள்ளை?"

"ஆமா."

"தையல் பிரிஞ்சிருக்குமே."

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. தையல் பிரிந்திருந்தால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்க மறுபடியும் மயக்க மருந்து வேண்டும். என் விரல் நுனியில் சொட்டுவது என் ரத்தமா, அதன் ரத்தமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மிளகு தள்ளாடி எழுந்து, சுவரில் முட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் எச்சில் ஒழுகியது. முதல் சொட்டு சிவப்பு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது. மூவரும் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு அதற்கடுத்ததுக்காக நின்றோம். அது வெறும் தண்ணீராக விழுந்தது. அதன் பின்னாலும் அப்படியே.

அப்புறம்தான் மாமா என் பக்கம் திரும்பி, "கையைக் காட்டுங்க" என்றார்.