பதினோராம் வீட்டுக் குழாய்

கழுத்தைத் திருப்பினால் பிடரிக்குள் மணல் அரைபடுகிற மாதிரி சத்தம். எலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் எடை ஏற்றாதே என்றார் டாக்டர். பள்ளம் தோண்டிப் பிழைக்கிறவள் நான். மண் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தை? கிணற்றுக்குப் போய்வர முக்கால் மணி நேரம். தெருவில் பதினோராம் வீடு எங்களுடையது, வாசலில் குழாய் இருக்கிறது. நட்டுப் பத்தொன்பது வருடம், ஒரு சொட்டு வந்ததில்லை.

அதனால் அக்கா வீட்டுக்காரரைக் கூட்டிவந்தேன். குடிநீர்க் குழாய் வேலை பார்க்கிறவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவதைச் சொல்லிவிடுவார். அவருக்குப் பெயரே 'காது'.

முன்பு மூன்று தடவை எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் முதல் வீட்டில் கம்பியை வைத்து, "மூச்சு இருக்கு, எங்கயோ அடைச்சிருக்கு, வந்துரும்" என்றார். முதல் வீட்டில் ஓசை கேட்டால் தெரு முழுக்கக் குழாய் போகிறது என்பது அவர்கள் தொழிலில் கணக்கு. அதை நம்பி நாங்களும் வருடா வருடம் வாஷர் மாற்றினோம். நனையாத வாஷர் காய்ந்து வெடித்துவிடும்.

"இந்தத் தடவை என் வீட்டுக் குழாய்ல வைங்க அத்தான்."

"அங்க கேட்டா இங்கயும்தாம்மா."

"இரும்பு சொல்றதெல்லாம் கேக்குறீங்க, நான் சொல்றதையும் ஒருதரம் கேளுங்களேன்."

சிரித்துக்கொண்டே குனிந்தார். கண்ணை மூடினார். சிரிப்பு மெல்ல இறங்கியது. கம்பியை வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார்.

"ஒண்ணுமே இல்லம்மா. அடைப்புன்னாகூட ஒரு முனகல் இருக்கும்."

கடப்பாரையை எடுத்தேன். முழங்கை ஆழத்தில் குழாய் முடிந்தது. வாயில் மரக்கட்டை அடித்துத் தார் பூசியிருந்தது. அதற்குக் கீழே மண். ஒரு தடவை வெட்டிய மண்ணை என் கை கண்டுகொள்ளும். இது யாரும் என்றைக்கும் வெட்டாத மண்.

பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலைத் தோண்டினாள். எதிர்வீடும் தோண்டியது. மதியத்துக்குள் முப்பத்து நான்கு குழி, முப்பத்து நான்கு கட்டை. தெருமுனையில் பெரிய குழாயிலிருந்து நாலடி மட்டும் கிளை பிரிந்து, அதுவும் மூடிக் கிடந்தது. முதல் வீட்டுக் கட்டை அதன்மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கட்டை வழியாக ஓசை மட்டும் முதல் வீட்டுக் குழாயில் ஏறியிருக்கிறது.

சிமெண்ட் மூட்டை திருடியவர்களைப் பார்த்திருக்கிறேன், கம்பியை வெட்டி விற்றவர்களையும். இது அந்த ரகமில்லை. ஒவ்வொரு கட்டையையும் வாய்க்கு அளவாகச் செதுக்கி, தார் பூசி, மண் தள்ளி இறுக்கியிருக்கிறார்கள். இந்த உழைப்பில் பாதி போதும், தண்ணீர் வந்திருக்கும். மலையைப் பார்க்கிறவர்கள் மாதிரி அந்தக் கட்டைகளைப் பார்த்தோம்.

குனிந்து பார்த்த பெண்கள் நிமிர்ந்தோம். எல்லோர் கையும் ஒன்றாகப் பிடரிக்குப் போனது. என் மகளுடையதும். அவளுக்குப் பதினேழு வயது.

இந்தக் குழாய்களைத் திறந்துவைத்த முன்னாள் ஊராட்சித் தலைவரின் பெயர் பொறித்த கல் முதல் வீட்டருகே நிற்கிறது. மூன்று தேர்தலில் நாங்கள் ஜெயிக்கவைத்த ஆள்.

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே, இனி யாரப் போய்க் கேக்குறது" என்றார் முதல் வீட்டுக்காரர்.

"அவரு போனாரு. கழுத்துவலி போகலையே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "கல்லு மட்டும் பாரு, ஒரு எழுத்து உதிரல."

"என் காதை அறுத்துப் போடணும்" என்றார் அத்தான்.

"அப்புறம் அறுக்கலாம். அதுல எத்தனை மீட்டர் குழாய்னு போட்டிருக்குன்னு படிங்க" என்றேன்.

படித்தார். பிறகு யாரும் சொல்லாமலே அந்தக் கம்பி முனையால் கல்லின் அடியில் எழுத்துக் கீற ஆரம்பித்தார். வெயில் சாய்கிறவரை கீறினார். அதற்குள் என் மகள் குடத்தைத் தலையில் ஏற்றிக் கிணற்றுக்குக் கிளம்பியிருந்தாள்.

இந்தத் தெருவுக்குப் பாக்கி: நானூற்றுப் பத்து மீட்டர் குழாய்.