முகம் தெரியாதவரிடம் ஓர் உண்மை

சென்னையிலிருந்து வந்த மூன்று பெண்களும் ஒரு தாடிக்காரரும் திருச்சுழி பஸ் ஸ்டாப்பை ஒட்டிக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே நடுவில் ஒரு கறுப்புத் திரை, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. பேரும் ஊரும் சொல்லாமல், முகம் தெரியாத ஒருவரிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வெளியே வந்து வலையில் ஒரு சிவப்பு நூலைக் கட்ட வேண்டும். நூலெல்லாம் சேர்ந்தால் அது கலையாம். நல்ல பிள்ளைகள்தான், பாவம். இந்தத் தாலுகாவில் முகம் தெரியாதவர் என்று யாரும் கிடையாது, ரெண்டு கேள்வி கேட்டால் ஏதாவது ஓர் உறவுமுறை வந்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தொலைக்கவில்லை.

அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கினாள் கனகலட்சுமி. கூடையில் கத்தரிக்காய்க்கு அடியில் மகளின் மாத்திரைகள். சத்யபிரியாவுக்கு ஒன்பதாம் வகுப்பில் வலிப்பு வந்தது. மூன்று வருஷமாக வரவில்லை. மாத்திரை மட்டும் நிற்கக்கூடாது. உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும் என்று மாதாமாதம் அவள் பஸ் ஏறுவாள்.

இப்போது வரன் கூடியிருந்தது. மல்லாங்கிணற்றுப் பையன் கோகுல், விருதுநகரில் பருப்பு மில் ஒன்றில் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை நிச்சயம். கட்டிக்கப்போகிறவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். விதைக்கடை வைத்திருக்கும் சுப்புராஜ், அதாவது கனகலட்சுமியின் வீட்டுக்காரர், வேறு சொன்னார்: "வாயத் தொறந்த, அன்னைக்கே உன்னையும் உம்மகளையும் ரோட்டுல விட்டுருவேன்."

சொல்லாமல் கட்டிக்கொடுத்து, போன இடத்தில் அடுப்படியில் விழுந்து கிடந்தால்? ஒருக்களித்துப் படுக்க வைக்கக்கூட அங்கே யாருக்குத் தெரியும்? இந்த நினைப்பில் அவளுக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

"வாங்கம்மா. யாருக்குமே தெரியாது. சொன்னா மனசு லேசாயிடும்" என்று ஒரு பெண் கையைப் பிடித்தாள். யாராவது அன்பாகக் கையைப் பிடித்து வெகுகாலமாகியிருந்தது. கனகலட்சுமி போய் உட்கார்ந்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நடுவயசுப் பெண்ணின் குரல். "சொல்லு தாயி. மனசுக்குள்ளயே பூட்டி வச்சு என்ன செய்யப்போற?"

அவள் சொன்னாள். வலிப்பு, மாத்திரை, வீட்டுக்காரர் மிரட்டல், வெள்ளிக்கிழமை வரப்போகிற மல்லாங்கிணற்றுக்காரர்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"கல்யாணத்துக்குப் பெறகும் மாத்திரை போடணுமா தாயி?" என்று குரல் பதமாகக் கேட்டது. அதற்கும் பதில் சொல்லி, மூக்கைச் சிந்தி, வெளியே வந்து நூலைக் கட்டினாள். சென்னைப் பெண் கண் கலங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் கனகலட்சுமி.

வெள்ளிக்கிழமை பூவோ பழமோ இல்லாமல் மூன்றே பேர் காரில் வந்தார்கள். முன்னால் வந்தவள் கோகுலின் அத்தை முத்துமாரியம்மாள். "நல்லா இருக்கியா தாயி?" என்று அவள் கேட்டதும் கனகலட்சுமி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அதே குரல்.

பெண்ணைப் பற்றி விசாரிக்கத்தான் முத்துமாரியம்மாள் அன்று திருச்சுழிக்கு வந்திருந்தாள். கடைகடையாக ஏறி இறங்கியும் தங்கமான பிள்ளை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. கால் கடுத்து, நிழலுக்கென்று கொட்டகையில் ஒதுங்கியவளுக்கு, இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாரே என்று சென்னைப் பிள்ளைகள் சர்பத் வாங்கிக் கொடுத்துச் சாயந்தரம் வரை திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

"மறைச்சிட்டீகன்னு சண்டைக்கு வரல" என்றாள் முத்துமாரியம்மாள். "கோகுலுக்கு வேணாம். அவன் அண்ணன் ஜெயபாண்டிக்குக் குடுங்க. பொண்டாட்டி செத்து ரெண்டு வருசமாச்சு, பிள்ளைகளப் பாத்துக்க ஆளு வேணும். இல்லைன்னா சொல்லுங்க, போற வழியில நாலு கடையில விசயத்தச் சொல்லிட்டுப் போறோம்."

ஜெயபாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் பொண்டாட்டியை அவன் அடித்த அடி மல்லாங்கிணறு முழுக்கத் தெரியும்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றார் சுப்புராஜ்.

"ஒங்க வீட்டு வாயிதான்." முத்துமாரியம்மாள் கனகலட்சுமியை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தாள். அதற்கு மேல் சொல்லவில்லை. பிடியைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள்.

சுப்புராஜ் சரி என்றார். யோசிக்கக்கூட இல்லை.

கார் போனதும் கதவைச் சாத்தினார். "எவடி சொன்னது?"

நான்தான் என்று சொல்லக் கனகலட்சுமிக்கு ஒரு நொடி போதும். அவர் பெல்ட்டைக் கழற்றினார். அந்தச் சத்தம் அவளுக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம்.

"இவதான்" என்று மகளைக் கை காட்டினாள். "காலேஜில கூடப் படிச்சவளுககிட்ட ஒளறியிருப்பா."

முதல் அடி தோளில் விழுந்தது. சத்யபிரியா அப்பாவைப் பார்க்கவே இல்லை. சாட்சிக்கு ஆள் இருக்கிற தைரியத்தில் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலம்மா. ஒனக்குத் தெரியும்ல? அப்பாகிட்டச் சொல்லும்மா."

"எனக்கென்னடி தெரியும்" என்றாள் கனகலட்சுமி.