சுமைதாங்கியில் முத்துத்தாய் பெயர்

1

வாடிப்பட்டி தாண்டி, மதுரைக்குப் போகும் நாலுவழிச் சாலையோரம், ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் பெயர்த்துப் போட்ட சுமைதாங்கிக் கல் ஒன்று கிடந்தது. கடைக்காரர் அதன்மேல் டியூப் காயப்போட்டிருந்தார். கல்லில் ஒரு பெண்ணின் பெயர் பாதி தெரிந்தது. அந்தப் பாதியிலிருந்துதான் இந்தக் கதையைக் கிளப்பினேன். மீதி முழுக்கப் பொய்.

(சுமைதாங்கி தெரியாதவர்களுக்கு: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். நெஞ்சு உயரம். தலைச்சுமைக்காரர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கலாம், ஏற்றலாம். வயிற்றில் பிள்ளையோடு செத்த பெண்ணின் பேரில் வைப்பது. அவள் இறக்காமல் கொண்டுபோன சுமை, வழிப்போக்கர்கள் இறக்க இறக்கக் குறையும் என்பது நம்பிக்கை.)

இப்போது அந்தச் சாலைக்கு எண் இருக்கிறது. வடக்கே எங்கோ தொடங்கி நாகபுரி, ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று குமரிவரை ஒரே சாலை என்கிறது வரைபடம். இந்தக் கதை நடக்கும் 1930களில் அதில் நடந்தவர்களுக்கு அப்படி ஒரு சாலை கிடையாது. வாடிப்பட்டியில் நின்றால் அது திண்டுக்கல் ரோடு. திண்டுக்கல்லில் நின்றால் அதுவே மதுரை ரோடு. அடுத்த ஊர் எதுவோ அதுதான் சாலையின் பெயர். இதை மனதில் வையுங்கள். இந்தப் பழக்கத்தால் ஒருத்தி சாகப்போகிறாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'சித்திரை வெயிலில் சாலை ஒரு நீண்ட பாம்பைப் போல' – வேண்டாம். சாலையைப் பாம்பு என்று எழுதாத ஆளே இல்லை.

'கல்லுடைக்கும் பெண்களின் கைகளில்தான் இந்த தேசத்தின்' – இதுவும் வேண்டாம். மேடைப் பேச்சு.

'செத்து இரண்டு வருடம் கழித்து முத்துத்தாய் ஊருக்குத் திரும்பினாள்.'

இது நிற்கட்டும். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம்தான். ஆனால் திடுக்கிட வேண்டியது நீங்கள் அல்ல, அவள்.

3

மழை பொய்த்த வருடம். சேலத்துக்கு வடக்கே தொப்பூர்க் கணவாயில் சாலையை அகலப்படுத்த ஆள் வேண்டும் என்று ஒரு மேஸ்திரி வந்தான். புருஷன் சின்னக்கருப்பன் படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டு வரமுடியாது என்றான். முத்துத்தாய் போனாள். வயிற்றில் மூன்று மாதம்.

அங்கே நூறு ஊர்க்காரர்கள். மேஸ்திரிக்கு யார் பெயரும் தெரியாது. கரூர்க்காரன், நாமக்கல்காரி என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். முத்துத்தாய் வாடிப்பட்டிக்காரி ஆனாள். பக்கத்துத் தனிச்சியத்திலிருந்து வந்த ராமக்காளும் வாடிப்பட்டிக்காரிதான். அவ்வளவு தூரத்தில் தனிச்சியத்தை யாருக்குத் தெரியும்? இரண்டு பேரும் ஒரே அடுப்பில் பொங்கினார்கள்.

காலரா வந்தது. (தொப்பூரில் அந்த வருடம் காலரா வந்ததா என்று நான் தேடவில்லை. கதைக்கு வேண்டியிருந்தது.) ராமக்காள் ஒரே பகலில் போய்விட்டாள். மிஞ்சியவர்களைக் கணவாய்க்கு வடக்கே ஓட்டிவிட்டார்கள். தெற்கே திரும்பிய ஒரு வண்டிக்காரன், 'வாடிப்பட்டிக்காரி செத்துட்டா' என்ற சேதியை வாடிப்பட்டிச் சந்தையில் இறக்கினான். இந்தப் பக்கத்திலிருந்து ரோட்டு வேலைக்குப் போனவள் யார்? சந்தைக்குத் தெரிந்தது ஒருத்தியைத்தான். சின்னக்கருப்பன் பெண்சாதி.

முத்துத்தாயும் தான் பிழைத்திருப்பதாக வண்டிக்காரர்களிடம் சொல்லி அனுப்பினாள். செத்த சேதி நிற்காமல் வந்து சேரும். பிழைத்த சேதி வழியில் எங்காவது படுத்துக்கொள்ளும்.

4

ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதையின் முனை. முத்துத்தாய் தலைச்சுமையைப் புதுக் கல்லின்மேல் இறக்கினாள். இடுப்பில் பெண்குழந்தை. (முதல் வரைவில் குழந்தை இல்லை. இல்லாதபோது அவளை எங்கே வேண்டுமானாலும் அனுப்ப முடிந்தது. அது ஏமாற்று வேலை என்று பட்டது. சேர்த்துவிட்டேன்.)

கல்லுக்குப் பக்கத்தில் ஓலை நிழலில் ஒரு கிழவி நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் மாயக்காள். கல் வந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவள்.

"எங்கிட்டிருந்து வார தாயி?"

"சேலத்துப் பக்கம்."

"அம்புட்டுத் தூரத்துலருந்தா? பிள்ளையக் கீழ விடு. இடுப்பு என்ன இரும்பா?" ஒரு நுங்கைச் சீவிக் குழந்தையிடம் நீட்டினாள். "உறிஞ்சுடி. இவ என்ன, முழிக்கிற முழியில என்னையவே தின்னுருவா போல."

முத்துத்தாய் சிரித்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தன் ஊர்ப் பேச்சு. கல்லைத் தட்டிப் பார்த்தாள். "இந்தக் கல்லு முன்னாடி இல்லையே. ஆருக்கு வச்சது?"

"உள்ள ஊரு சின்னக்கருப்பன் பொண்டாட்டிக்கு. முத்துத்தாய்னு பேரு. ரோட்டு வேலைக்குப் போன எடத்துல, வயித்துப் பிள்ளையோட போயிட்டா."

கல் சுட்டது. முத்துத்தாய் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"ஆரு?" என்றாள்.

"முத்துத்தாய். அந்தா பேரு வெட்டியிருக்கு பாரு. படிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. வெட்டுன ஆசாரி சொன்னான். சின்னக்கருப்பன் பய அவ தங்கச்சிக்காரி சின்னத்தாயக் கட்டிக்கிட்டான். ஆம்பளப் பிள்ளையும் பெறந்துருச்சு. பாவம், அவனும் எத்தன நாளைக்குக் கல்லப் பாத்துக்கிட்டு இருப்பான்?"

முத்துத்தாய் கல்லின்மேல் கையை நகர்த்தினாள். பெயர் வெட்டிய இடத்தில் விரலை வைத்தாள். அங்கே யாரோ எண்ணெய் தடவியிருந்தார்கள். விரல் வழுக்கியது.

"எண்ணெய் ஆரு வச்சது? அவுக வீட்லயா?"

"அவுகளுக்கு ஏது நேரம்? நாந்தான். வெள்ளிக்கு வெள்ளி." மாயக்காள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ வழிப்போக்கு, உங்கிட்டச் சொன்னா என்ன. எம் மகளும் அங்கிட்டுத்தான் போனா. புருசனோட சண்ட போட்டுக்கிட்டு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு ஓடிட்டா. ஊர்ல கேட்டா மதுரையில மில்லு வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். வண்டிக்காரன் சேதி சொன்னப்ப நானும் சந்தையிலதான் நின்னேன். ஈரக்கொல அத்துப்போச்சு. பெறகுதான் செத்தது இந்தப் புள்ளன்னாக. எம் பிள்ளைக்கு வர இருந்தத இவ வாங்கிக்கிட்டாளேன்னு கல்லு நட்ட அன்னிக்கே எண்ணெய் வச்சேன்."

"உங்க மக பேரு?"

"ராமக்காள். பாத்தியா எங்கயாவது?"

5

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். வெகுநாள் எடுக்கவில்லை.

குழந்தைக்கு ராமக்காள் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரால் அவள் கூப்பிட, கிழவி – இல்லை. மலிவான வேலை. அடித்துவிட்டேன்.

முடிவு ஒன்று: முத்துத்தாய் உண்மையைச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் உயிரோடு எழுந்த நொடியில் ராமக்காள் செத்துவிடுகிறாள். மாயக்காள் ஊரில் சொன்ன பொய்தான் தன் மகளின் சாவை வேறு வீட்டு வாசலில் இறக்கியது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அத்தோடு, தங்கை சின்னத்தாய் கைப்பிள்ளையோடு ஒரு வீட்டில் இரண்டாமவள் ஆகிறாள்.

முடிவு இரண்டு: முத்துத்தாய் ஒன்றும் சொல்லாமல் மதுரைக்கு நடக்கிறாள். சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொள்கிறாள். இதைத்தான் முதலில் முடிவாக வைத்திருந்தேன், தியாகம் என்று வாசகர்கள் மெச்சுவார்கள் என்பதால். ஆனால் அந்தக் குழந்தை அப்பன் வீட்டு வழியில் உட்கார்ந்து நுங்கு தின்கிறது. தான் பிறக்காமலே செத்ததற்கு வைத்த கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. அதன் தியாகத்தைச் செய்ய நான் யார்?

முடிவு மூன்று: 'சட்டென்று சாலையில் சின்னக்கருப்பனின் வண்டி' – சாலை அப்படியெல்லாம் உதவாது. அது வழியைக் காட்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு வராது.

ஆகவே கடைசியாக நிச்சயம் தெரிந்தது வரை எழுதுகிறேன். முத்துத்தாய் குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். இடப்பக்கம் மதுரை ரோடு. வலப்பக்கம் வண்டிப்பாதை. சுமை இன்னும் கல்லின்மேல். மாயக்காள் எழுந்து வந்து, தேவையே இல்லாத இடத்தில், சுமைக்கு ஒரு கை கொடுத்தாள்.

"கேட்டதுக்குப் பதிலக் காணோமே. எம் மகளப் பாத்தியா? சரி, அத விடு. உம் பேரு என்ன தாயி?"

அவள் வாயைத் திறந்துவிட்டாள். என்னால் அதற்கு மேல் எழுத முடியவில்லை. பெயரை நீங்கள் சொல்லுங்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் கிழவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.