முதலில் கேட்கப்பட்டவள்

மொத்தம் மூன்று ஆல்பங்கள். மாமல்லபுரத்தில் ஷபானாவின் அப்பா வைத்திருந்த கடையில் சிப்பி மாலைகளோடு ஃபிலிம் ரோலும் விற்பார்கள். மகள் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது ஒரு பை நிறைய ரோல்களைப் போட்டு அனுப்பியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் ஒரே ரோலை வைத்துக்கொண்டு மூன்று மாதமும் யோசித்து யோசித்து எடுத்திருப்பார்கள். ஷபானா கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருந்தாள். ரயிலின் ஜன்னல், கடையில் தொங்கிய காய்ந்த மீன், யாரோ ஒரு கிழவரின் பனி வாரும் மண்வெட்டி.

பிரிசில்லா முதல் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டாள். புதுப்பட்டினத்தில் ஷபானாவின் வீடு, ஏப்ரல் மாதத்து மத்தியானம். மின்விசிறியின் காற்றில்கூட அனல் இருந்தது. பக்கத்தில் சந்திரம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். மூவரும் மறைமலைநகரில் கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள். சந்திரம்மாவுக்கு பேக்கிங். பிரிசில்லாவும் ஷபானாவும் இன்ஸ்பெக்‌ஷனில் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து, வயர் முனையில் பித்தளைப் பிடி சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பவர்கள். ஷபானா புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அங்கே கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இடம் போட்டு வைப்பது பிரிசில்லாவின் வழக்கம். இந்த மூன்று மாதமும் அந்த இடத்தில் தன் டிபன் பையை வைத்துக்கொண்டு போய்வந்தாள்.

"ஐஸ் பொட்டிக்குள்ள வுட்டுப் பூட்ன மாரி கீதே," என்றாள் சந்திரம்மா. "எப்டிடி இருந்த?"

ஷபானா சிரித்தாள். மொரியோகா என்ற ஊரில் ரயிலைவிட்டு இறங்கியபோது முழங்கால் வரைக்கும் பனி என்றும், மூக்கு தன்னுடையதுதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாகவும் சொன்னாள். அடுத்த பக்கத்தில் ஓர் ஏரி, கரையோரம் வெள்ளைப் பறவைகள். சைபீரியாவிலிருந்து வருகிற அன்னங்களாம். நம்ம வேடந்தாங்கல் மாதிரியா என்று சந்திரம்மா கேட்டாள். அதே மாதிரிதான், ஆனால் ஏரி பாதி உறைந்து கிடக்கும், பறவைகள் ஐஸ் மேல் நடந்து வரும் என்றாள் ஷபானா.

"வழுக்கி வுழாதா?"

"வுழும்க்கா. வுழுந்துட்டு யாரும் பாக்கலியேன்னு நம்மள மாரியே திரும்பிப் பாக்கும்."

பிரிசில்லாவும் சிரித்தாள். சிரிப்பு சரியான இடத்தில் வந்தது. பனியோ மலையோ அன்னமோ அவளை ஒன்றும் செய்யவில்லை. அவற்றையெல்லாம் காலண்டரில் பார்ப்பதுபோலப் பார்த்துவிட முடிந்தது. அவளைத் தைத்தது அடுத்து வந்த படம். சிறிய அறை. சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தை, ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஜன்னல் விளிம்பில் ஓர் ஆப்பிள். படத்தில் யாருமே இல்லை. கம்பெனி விடுதியில் எனக்குக் கொடுத்த ரூம் என்று சொல்லிவிட்டு ஷபானா பக்கத்தைப் புரட்டப் போனாள். பிரிசில்லா விரலை வைத்துத் தடுத்தாள்.

முப்பத்திரண்டு வயதுவரை பிரிசில்லா ஓர் அறையில் தனியாகத் தூங்கியதில்லை. பிறந்த வீட்டில் ஐந்து பேர், பிறகு புகுந்த வீட்டில் கணவன், நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த நாத்தனார், பிறகு குழந்தை. அந்த ஆப்பிளை ராத்திரியில் எழுந்து யாருக்கும் பங்கு வைக்காமல் தின்றிருக்கலாம். கதவை உள்ளே பூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஒற்றைக் கோப்பையைத் தான் எங்கே கவிழ்த்து வைத்திருப்போம் என்பதுவரை மனம் போனது. அதன்பின் தன் வீட்டுக்குள் வேறொருத்தி நடமாடுவதைப் பார்ப்பவள்போல அந்தப் படத்தைப் பார்த்தாள்.

அது பிரிசில்லாவின் அறையாகத்தான் இருந்திருக்க வேண்டும். இது அவளுக்கும் அவள் கணவன் ஜெபக்குமாருக்கும் மேனேஜர் நரசிம்மனுக்கும் மட்டுமே தெரியும்.

போன வருஷம் அக்டோபரில் நரசிம்மன் அவளைக் கூப்பிட்டு, பயிற்சிக்கு வடக்கு ஜப்பானில் இருக்கும் தொழிற்சாலைக்கு ஓர் ஆளை மூன்று மாதம் அனுப்புகிறோம், போகிறாயாம்மா என்று கேட்டார். உள்ளே ஏதோ துள்ளி எழுந்தது. வாய், "அய்யோ, எனக்கெதுக்கு சார், வேணாம் சார்," என்றது. விருந்துக்குப் போன வீட்டில் இன்னொரு கரண்டி போட வருபவரிடம் இலைமேல் கையை விரித்துச் சொல்லும் வேணாம் அது. போடுகிறவர் இன்னொரு முறை கேட்பார், கை கொஞ்சம் விலகும், மூன்றாவது முறை பரிமாறிவிடுவார். அப்படித்தான் அவள் வளர்ந்தாள். முதல் தடவையிலேயே சரி என்றால் அலைகிறவள் என்று பெயர். நரசிம்மன் இன்னொரு முறை கேட்கவில்லை. சரிம்மா என்று பேனாவை மூடினார். அன்று ராத்திரி ஜெபக்குமாரிடம் சொன்னபோது, "போயேன், கொழந்தைய நா பாத்துக்கறேன்," என்று சாதாரணமாகச் சொன்னான். மறுநாள் நரசிம்மன் திரும்பக் கேட்டால் எப்படித் தயங்கி எப்படிச் சம்மதிப்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷபானா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சார் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் போறேன் சார் என்று சொல்லிவிட்டாளாம். அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்று பிரிசில்லா நம்பியிருந்தாள். ஷபானாவின் அப்பாவோ, உலகத்திலிருந்து எல்லாரும் நம்ம கடைக்கு வருகிறார்கள், நம்ம வீட்டிலிருந்து ஒருத்தி போனால் என்ன என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து ஆறு மாதமாக அவள் வாய்க்குள் ஒரு வாக்கியம் இருந்தது. வழியனுப்பப் போன அன்றைக்கும் அது இருந்தது. இப்போது ஆல்பத்தைப் புரட்டப் புரட்ட நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சொல்லக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சொன்னால் ஷபானாவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

ஷபானாவின் அம்மா சமோசாத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். சந்திரம்மா ஒரு படத்தைக் காட்டி ஏதோ பாராட்டியதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. மதுராந்தகத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து ஆல்பத்தைப் பார்த்துவிட்டுப் போனார்களாம், ஷபானாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில்கூட விசாரித்தார்களாம்.

"நா எல்லார் கிட்டயும் சொல்றதும்மா, கம்பெனில அத்தினி பொண்ணுங்க இருக்குது, எங்க பொண்ணத்தான் மொதல்ல கூப்ட்டாங்கன்னு."

"மொதல்ல என்னத்தான் கேட்டாரு," என்றாள் பிரிசில்லா.

பஸ் நேரம் சொல்வதுபோல அது வெளியே வந்தது. நிறுத்த முடியவில்லை. "நா வேணாம்னேன். அதுக்கப்புறந்தான் இவளக் கேட்டாரு."

அம்மா ஒரு கணம் மகளைப் பார்த்தார். "அப்டியாம்மா," என்று சொல்லிவிட்டு, டீ இன்னும் பாதி இருந்த தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சந்திரம்மாதான் பேசினாள். "வேணாம்னியா? ஏன்டி, உனக்கு இன்னா பைத்தியமா? வூட்டுல வுடலியா?"

"கொழந்தைய வச்சிகினு எப்டிக்கா."

"உன் வூட்டுக்காரு தங்கமாச்சே. அவரா வுடல?"

பிரிசில்லா ஒரு சமோசாவை எடுத்துப் பிட்டாள். ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்தது, வெளியே எடுத்ததும் அவள் கையிலேயே வெட்டியது. இரண்டாவதாகக் கேட்கப்பட்டவள் என்று ஷபானாவுக்கு ஒரு குறை வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது தனக்குத்தான். வலிய வந்ததை வேண்டாமென்ற முட்டாள், கணவன்மேல் பழி விழ விட்டுத் தப்பிக்கிறவள். ஷபானாவோ இரண்டாவது ஆல்பத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

தலையை நிமிர்த்த வேண்டாமே என்று பிரிசில்லா படங்களைக் குனிந்து பார்த்தாள். இரண்டாவது ஆல்பம் தொழிற்சாலையில் எடுத்தது. வேலையில் வயர் முனைகளில் குறை தேடும் அதே கண்ணோடு, ஷபானாவிடம் ஒரு குறை கிடைக்காதா என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். கொஞ்சம் பெருத்திருக்கிறாள். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி சிரிக்கிறாள். பிறகு மப்ளரைக் கவனித்தாள். கம்பெனியின் சாம்பல்நிற மேல்கோட்டுக்கு மேல் சிவப்பு மப்ளர், எல்லாப் படத்திலும் இடது பக்கமாகத் தொங்கியது. உள்ளே ஹீட்டர் ஓடுகிற இடத்தில், மற்றவர்கள் கோட்டுக் கையை மடித்துவிட்டு நிற்கிற படத்தில்கூட. சில படங்களில் அது நழுவாமல் கையால் பிடித்திருந்தாள். சினிமாக்காரி மாதிரி நிற்கிறாள் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் மற்றவர்களுடைய கோட்டைப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் இடது பைக்கு மேல் பெயர் தைத்திருந்தது.

கடைசிப் படத்துக்கு முந்தியதில் ஷபானா தொழிற்சாலை வாசலில் யார் மேலோ பனி உருண்டையை எறிந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் மேலே. மப்ளர் காற்றில் பின்னால் பறந்தது. கோட்டுப் பைக்கு மேல் ஆங்கில எழுத்தில், நீல நூலில், பிரிசில்லா.

அவள் நிமிர்ந்தபோது ஷபானா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மா மூன்றாவது ஆல்பத்தில் ஒரு ரொட்டிக் கடையைக் கண்டுபிடித்து அதில் மூழ்கியிருந்தாள். ஷபானா மெதுவாகக் கையை நீட்டி, அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சந்திரம்மா பக்கத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாப் வரை ஷபானா கூட வந்தாள். கடல் காற்று ஆரம்பித்திருந்தது.

"ஸ்டேஷன்ல அட்டையப் புடிச்சிகினு ரெண்டு பேரு நின்னாங்கக்கா," என்றாள் ஷபானா. "அட்டைல உன் பேரு. நா என் பேரத் தேடிகினு அவங்களத் தாண்டிப் போயி, ரொம்ப நேரம் குளிர்ல நின்னுகினு இருந்தேன். யாரும் வரலியேன்னு அழுகை வந்துருச்சு."

உன்னிடம் கேட்பதற்கு முன்பே நரசிம்மன் சார் உன் பெயரை அனுப்பிவிட்டார், நீ மறுப்பாய் என்று அவர் நினைக்கவே இல்லை, அங்கே போய்த்தான் இது தெரிந்தது என்றாள். கோட்டை மாற்றித் தருகிறோம் என்றார்களாம், தருவதற்குள் ஊர் திரும்ப வேண்டிய மார்ச் வந்துவிட்டதாம். கொஞ்ச நாள் வரைக்கும் எல்லாரும், மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, பிரிசில்லா-சான் என்றுதான் கூப்பிட்டார்களாம். அந்த அறைக் கதவிலும் அதே பெயர்தான் ஒட்டியிருந்ததாம்.

"அம்மா கிட்ட சொல்லல. நா ரெண்டாவதுன்னு யாருக்கும் தெரிய வேணாம்னுதான் மப்ளரப் போட்டுகினேன். உனக்காவன்னு நெனைக்காதக்கா. மூணு மாசமும் உன் மேல எரிச்சலாத்தான் இருந்துச்சு. எதப் பாத்தாலும், இத ஒருத்தி வேணாம்னு தூக்கிப் போட்டுட்டா, நா பொறுக்கிகினு நிக்கிறேன்னு தோணும். எப்டிக்கா உன்னால அப்டி வேணாம்னு சொல்ல முடிஞ்சுது?"

இப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தூக்கிப் போடவில்லை, இன்னொரு முறை கேட்பார் என்று காத்திருந்தேன், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று. சொன்னால் ஷபானாவின் மூன்று மாதத்திலிருந்து ஒரு முள் விழுந்துவிடும். பிரிசில்லா அதை நன்றாக யோசித்தாள். தூக்கிப் போட்டவள் என்ற அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு பனிக்கும் அன்னங்களுக்கும் நடுவில் ஒருத்தி தன்னை நினைத்துப் புழுங்கியிருக்கிறாள் என்பது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அவளைக் கொஞ்சம் குளிர்வித்தது.

"எனக்கு அதெல்லாம் பெருசாத் தோணலடி," என்றாள்.

ஷபானா தலையாட்டினாள். பஸ் வந்தது. ஏறும்போது துப்பட்டாவுக்குள்ளிருந்து படத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "வச்சிக்க. என் வூட்டுல இருந்தா கிழிச்சிருவேன்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டி வயல்வெளிக்குள் போனதும் பிரிசில்லா படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். பனி, வாசல், பறக்கும் மப்ளர், நீல நூலில் பெயர். எல்லாம் சரியாக இருந்தது. முகம் மட்டும் சிரித்தது. வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து பிரிசில்லா சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கட்டைவிரலால் மூடினாள். இப்போது கைகளை மேலே தூக்கிக்கொண்டு பனியில் நிற்பது பிரிசில்லாதான்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு வந்து, கொஞ்சம் தள்ளி உட்காரு என்றாள். தள்ளி உட்கார்ந்தாள். யாருடைய படம் என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"என்னுதுதான்," என்றாள் பிரிசில்லா, விரலை எடுக்காமல்.