கோபித்துக்கொண்டு போன சாலை

அந்தச் சாலை இப்போது ரொம்பவும் அகலமாகிவிட்டது. போன மாதம் மகனுடைய காரில் அந்தப் பக்கம் போனபோது, நானும் இவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டே வந்தோம். எங்கே நின்றோம், எந்த மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒன்றுமே அடையாளம் தெரியவில்லை.

"அப்படி என்னதான் தேடுறீங்க ரெண்டு பேரும்?" என்றான் மகன்.

"உங்கம்மா என்னை விட்டுட்டு ஓடின இடத்தை" என்றார் இவர்.

ஓடவில்லை. கோபித்துக்கொண்டு போனேன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவர் எடைமேடையில் வேலை பார்த்தார். லாரியை வெறுமனே ஒரு தடவை, சரக்கோடு ஒரு தடவை நிறுத்தி எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. வீட்டில் போன் கிடையாது. எனக்கு யார் கூப்பிட்டாலும் எடைமேடைக்குத்தான் கூப்பிட வேண்டும். நான் வேதியியல் படித்துவிட்டு, பிறந்த ஊரில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கே ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பஸ்ஸில் போனால் அரை நாள் பயணம். தலைமையாசிரியை போன் பண்ணி, வேலை உண்டு, வந்து சேர முடியுமா என்று கேட்டிருக்கிறார். இவர், "அவ்வளவு தூரம் அவ வரமாட்டா மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஊரிலிருந்து ஏதோ காரியமாக வந்திருந்த என் பழைய தோழியைக் கடைத்தெருவில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "ஏண்டி வேலை வேணாம்னுட்டே? இன்னும் வேற யாரையும் போடலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாப்பாங்களாம்" என்றாள்.

அன்று வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். இவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். மறுநாள் விடிந்ததும் பெட்டியோடு கிளம்பினேன். பஸ் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தது. ஊர் எல்லைவரை பின்னாலேயே வந்தவர், "பஸ் ஓடாது, தெரியுமில்ல?" என்றார்.

"ரோடு இருக்கில்ல?" என்றேன்.

நான் கையை நீட்டிக்கொண்டு நிற்க, இவர் கொஞ்சம் தள்ளி, யாரோ போல நின்றார்.

முதலில் நின்றது காலி சோடா பாட்டில் ஏற்றிய லாரி. டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறுங்கம்மா. பின்னாடி நிக்கிறவரு உங்களோட வந்தவரா?" என்றார்.

"யாருன்னே தெரியாது."

"அட, எனக்குத் தெரியுமே! நம்ம எடைமேடை சார்! கல்யாணத்துக்கு எங்களுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தாரே. ஏறுங்க சார்! அப்ப இவங்க…?"

"அவங்களுக்கு என்னைத் தெரியாதாம்" என்றார் இவர்.

டிரைவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதான். எங்க வீட்லயும் மாசத்துக்கு ஒருதரம் என்னை யாருன்னு தெரியாமப் போயிடும்."

ஜன்னலோரம் நான், நடுவில் கியருக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு இவர். பின்னால் பாட்டில்கள் குலுங்குகிற குலுங்கலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இவர் டிரைவரிடம், "தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பார். டிரைவர், "அண்ணி, சார் தண்ணி வேணுமான்னு கேக்கறாரு" என்பார். "வேணாம்னு சொல்லுங்க" என்பேன். "வேணாமாம் சார்!" எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"சார் ரொம்பக் கறாரு, அண்ணி. எங்களை இறங்கச் சொல்லிட்டுத்தான் எடையே பாப்பாரு. உன் தொப்பை சரக்குக் கணக்குல வந்துடும்பாரு. ஆனா ஒண்ணு, பொய் மட்டும் சொல்ல மாட்டாரு."

"அது உங்க லாரிக்கு" என்றேன், வெளியே பார்த்துக்கொண்டே.

அந்த டிரைவருடைய முகம் இன்று எனக்கு நினைவில்லை. அந்தப் பாட்டில் சத்தம் மட்டும் காதிலேயே இருக்கிறது. எங்காவது கண்ணாடி டம்ளர்கள் உரசிக்கொண்டால் எனக்கு மறுபடி இருபத்திரண்டு வயதாகிவிடுகிறது.

பாட்டில் தொழிற்சாலைக்குத் திரும்பும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டார். ஒரு மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்தோம். பெட்டியை எப்போது இவர் கையில் எடுத்துக்கொண்டார் என்று கவனிக்கவில்லை. உச்சி வெயிலில் ஒரு வேன் வந்தது. ஓட்டியவர் தொப்பி போட்ட ஒரு அக்கா. செடி வளர்த்துக் கடைகளுக்குப் போடுகிறவர். வேனின் பின்பக்கம் முழுக்கப் பூந்தொட்டிகள்.

"நீ ஏறு. அந்தாளு வேணாம்" என்றார் அக்கா. "ஆம்பளைங்களை முன்னால ஏத்தறதையே விட்டுட்டேன். போன தடவை ஒருத்தன் ஏறி, இறங்கற வரைக்கும் எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தான்."

நான் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வேன் நகர்ந்தது.

"அக்கா, என் பெட்டி அவர்கிட்ட இருக்கு."

"அப்பப் பெட்டியோட அவரையும் பின்னாடி ஏறச் சொல்லு. தொட்டி ஏதாவது உடைஞ்சா உன் புருஷன்கிட்டதான் வாங்குவேன்."

"புருஷன்னு நான் சொல்லவே இல்லையே!"

"இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவளோட பெட்டியை வேற எவன் தூக்குவான்?"

அந்த அக்காவிடம் என்ன இருந்ததோ, போகப் போக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லக்கா? கேட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவரைத் தனியா விட்டுட்டு அங்க போய் எனக்கு மட்டும் சோறு இறங்குமா? ஆனா என் பதிலை அவர் எப்படிச் சொல்லலாம்? இப்ப எனக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னே தோணலை."

அக்கா 'ம்' கொட்டிக்கொண்டே வந்தார். நான் மூக்கைத் துடைத்து முடித்த பிறகு, "முதுகுப் பக்க ஜன்னல்ல கண்ணாடி கிடையாது, வெறும் சட்டம்தான். நீ பேசினதெல்லாம் அந்தாளுக்குக் கேட்டிருக்கும்" என்றார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தாப் பேசியிருப்பியா?"

நாற்சந்தியில் ஒரு டீக்கடை வாசலில் இறங்கினோம். இவர் தலையெல்லாம் இலை, சட்டையெல்லாம் ஈர மண். அக்கா தொட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, ஆளு உருப்படியானவன்தான்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

"பயந்துட்டேன்" என்றார் இவர், டீ ஆறிய பிறகு.

"எதுக்கு?"

"அங்க உனக்கு அப்பா, அம்மா, வேலை, எல்லாம் இருக்கு. அப்புறம் நான் எதுக்குன்னு உனக்குத் தோணிடுமோன்னு."

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத் தெரிஞ்சிருந்தா, போன்ல ஏன் அப்படி உளறப் போறேன்?"

கோபம் போகவில்லை, ஆனால் காலையில் இருந்த கோபம் அல்ல அது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. எந்த வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. மாட்டு டாக்டர், என் ஊர்ப் பக்கம்தான் போகிறார். முன்னால் மருந்துப் பெட்டி, பின்னால் ஒருவருக்கு மட்டும் இடம்.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க. ஒரு பசு எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

"நீ போ" என்றார் இவர்.

"நீங்க?"

"நேரமாகுது. போ."

சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். சாலையின் அந்தப் பக்கம் எங்கள் வீட்டை நோக்கி லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கை நீட்டினால் நின்றுவிடும். பாதி டிரைவர்கள் இவருக்குத் தெரிந்தவர்கள். இவர் என் பெட்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் வருவாரா, அந்தப் பக்கம் போய்விடுவாரா என்று நான் கேட்கவில்லை.

"அழறியாம்மா?" என்றார் டாக்டர்.

"தூசி, டாக்டர்."

"என்கிட்ட வர்ற பேஷண்ட் யாரும் பொய் சொல்றதில்லை. அந்தப் பழக்கத்துல நம்பிடறேன்."

தலைமையாசிரியை அறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். பூட்டைத் திரும்பத் திறந்தார். கையெழுத்துப் போட்டேன். இத்தனை தூரம் அதற்காகத்தான் வந்தேன், ஆனால் பேனாவை மூடும்போது மனசு நாற்சந்தியில் நின்றது.

வீட்டில் அப்பா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை எங்கேம்மா?"

"வழியில" என்றேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி அரைநாள்தான். என் முதல் வகுப்பில் சோதனைக்குழாயை எப்படிப் பிடிப்பது என்று காட்டும்போது கண் ஜன்னல் வழியே சாலைக்குப் போய்விட, குழாயைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். பிள்ளைகள் புது டீச்சருக்குப் பயம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மணி அடித்து, தலைமையாசிரியையோடு வாசலுக்கு வந்தபோது, செங்கல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. மேலேயிருந்து செந்தூசியில் குளித்த ஒருவர் பெட்டியோடு இறங்கினார்.

எனக்கு ஓடிப்போய்ப் பெட்டியை வாங்க வேண்டும் போலிருந்தது. நகரவில்லை.

இவர் என்னைத் தாண்டி நேரே தலைமையாசிரியையிடம் போனார். "மேடம், அன்னைக்குப் போன்ல வரமாட்டான்னு சொன்னது நான். இவளுக்கு அது தெரியவே தெரியாது. தப்பு என்னோடது."

"தெரிஞ்சுதான் வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்தேன்" என்றார் தலைமையாசிரியை. "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார்."

அவர் குடையை விரித்துக்கொண்டு மெதுவாக நடந்தார், காதை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டு.

"ராத்திரி எங்க இருந்தீங்க?" என்றேன்.

"டீக்கடை பெஞ்சுல."

"வேலை?"

"லீவு சொல்லிட்டேன். அங்கயிருந்தே போன் பண்ணினேன்."

"எத்தனை நாள்?"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்க." பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "வீட்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."