நான் வெட்டிய அகஸ்ரினுக்குக் குளிசை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் திருடித்தான் எடுத்தேன். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கிளினிக்கில் இருமிக்கொண்டு இருந்தபோது, முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "அவருக்கு லீவில்லை, நான் மருந்தை வாங்கிக்கொண்டு போறன்." நம் சனத்துக்கு இது ஒரு விஷயமே இல்லை. வருத்தக்காரர் வேலைக்குப் போவார், வீட்டிலிருப்பவர் மருந்துக்குப் போவார்.

2.
வருடம் 1998. மருந்து எழுதும் உரிமையைச் சட்டம் சில நேர்ஸ்மாருக்கும் கொடுத்திருந்தது. பேர்ணடெற் அவர்களில் ஒருத்தி. கெட்ட பிடிவாதக்காரி, ஆளைக் காணாமல் பேனையைத் திறக்கமாட்டாள்.

நான் எழுதிய முதல் பிரதியில் அன்ரனெற் தன் கணவர் அகஸ்ரினோடுதான் அவளிடம் வந்தாள். [வாயே திறக்காத மனிதர் கதைக்கு எதற்கு? வெட்டிவிட்டேன்.*]

3.
அன்ரனெற் தனியே வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளை, இவரின்ரை பிறஷர்க் குளிசை முடிஞ்சுது."

"ஆளைப் பாக்காமல் எழுதேலாது அக்கா. கூட்டிக்கொண்டு வாங்கோ."

"கூட்டிக்கொண்டுதானே வந்தனான்."

பக்கத்துக் கதிரையைக் காட்டினாள். வெறுங்கதிரை. பேர்ணடெற் பேனையைத் திறக்கவில்லை. கோபத்தில் எழும்பிய அன்ரனெற் தள்ளாடினாள். பேர்ணடெற் பிடித்து இருத்தி அவளுடைய பிறஷரைப் பார்த்தாள். பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது.

"அவரின்ரை குளிசையை ஆர் போடுறது?"

"அவர்தான். வாய் மட்டும் என்ரை."

இன்னும் ஒரு போத்தல் குளிசை கிடைத்தால் அன்ரனெற் எங்கேயாவது விழுவாள், எழும்பமாட்டாள். பேர்ணடெற் டொக்டரைக் கூப்பிட ஓடினாள்.

* கதிரையையும் சேர்த்துத்தான் வெட்டினேன். அது எப்படித் திரும்பி வந்தது என்று தெரியவில்லை.

4.
வெட்டிய அகஸ்ரினைத் திருப்பிக் கொண்டுவந்தால் அன்ரனெற் பிழைப்பாள் என்று நினைத்தேன். அகஸ்ரின் கதவைத் தள்ளிக்கொண்டு

எத்தனை தரம் எழுதினாலும் வசனம் அங்கேயே நிற்கிறது. அவருடைய முகத்தை நான் எந்தப் பிரதியிலும் எழுதவில்லை. எனக்குப் பயமாயிருக்கிறது.

பேர்ணடெற் இன்னும் திரும்பி வரவில்லை. அன்ரனெற் எழும்பிவிட்டாள். அடுத்த பிளாசாவில் ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே ஆளைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்பார்கள். என் பேனைக்கு அவள் நிற்கவில்லை.

வெளியே, காத்திருப்பவர்களுக்கான கதிரைகளில் இருப்பது இதை வாசிக்கும் நீங்கள் மட்டும்தான். வாசலில் அவள் கதவைத் திறந்து, இன்னொருவர் முதலில் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் எழும்பி அவள் கையைப் பிடியுங்கள்.